மகளின் முடியை வேண்டிக்கொண்டேன்

1

சென்ற வாரம் ஆடிக் கிருத்திகை. திருத்தணியில் இருப்பவர்களுக்கு அதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அரக்கோணத்திலிருந்து வருகிற ரயிலில் ஏற இடமில்லாதபோதே தெரிந்துவிடும். இங்கே பிரிஸ்டலில் எனக்கு அதைச் சொல்வது சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற நாள்காட்டி ஒன்றுதான். அம்மா யாரையாவது பிடித்துக் கப்பல் தபாலில் அனுப்பி வைப்பாள். தை மாதத் தாள் எனக்குச் சித்திரையில் கிடைக்கும்.

அன்று மாலை என் கணவர் வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. இவ்வளவுதான் நடந்தது. இதை எழுத உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். புருஷன் தாமதமாக வந்ததற்கெல்லாம் ஒருத்தி பேனாவை எடுப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். என்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

அவர் வருகிற நேரம் பத்து நிமிடம் தாண்டினால் நான் ஜன்னலோரம் போய்விடுவேன். கால்மணி நேரம் தாண்டினால் போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவது என் கண்ணுக்குத் தெரியும். அரைமணி நேரம் ஆனால் அவருடைய சாமான்களை ஊருக்கு எப்படி அனுப்புவது என்பதுவரை யோசித்து முடித்திருப்பேன். இத்தனைக்கும் அவர் ஒரு தொழிற்சாலையில் பென்சிலும் அளவுகோலும் வைத்து வரைபடம் போடுகிற மனிதர். சாலையைக் கடக்கும்போது காலியான சாலையையும் இரண்டு முறை பார்ப்பார்.

2

நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரத்தம் பார்த்திருக்கிறேன், சாவு பார்த்திருக்கிறேன், ஒரே இரவில் இரண்டு பிரசவம் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் ரசம் வைத்திருக்கிறேன். தைரியசாலி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மூளையில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய ஒரு சின்னப் பெண்ணின் தலையை மழிக்கச் சொன்னார்கள். ஏழெட்டு வயது இருக்கும். வெள்ளைக்காரக் குழந்தை, செம்பட்டை முடி. நான் தட்டும் சோப்பும் கத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் குழந்தை அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, தலையைத் தானாகவே குனிந்து கொடுத்தது.

கண் விழித்தபோது நான் தரையில் கிடந்தேன். கண்ணை இருட்டிக்கொண்டு வந்த மயக்கம். தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தலைமை நர்ஸ் என்னை உட்காரவைத்துச் சர்க்கரை போட்ட தேநீர் கொடுத்தார். கர்ப்பமா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் டாக்டரிடம் போ என்றார்.

டாக்டர் ரத்தம் எடுத்தார், நெஞ்சைச் சோதித்தார், ஒரு குறையும் இல்லை என்றார். தூக்கம் எப்படி என்றார். சொன்னேன். கணவர் எப்படி என்றார். தங்கமானவர் என்றேன். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, பேசிக் குணப்படுத்துகிற ஒருவரிடம் அனுப்புகிறேன் என்றார். எனக்குப் பகீர் என்றது. நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பைத்தியம் என்று எழுதி அனுப்புகிறார்கள், இனி வேலை போகும், விசா போகும், மீனாவைப் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். மீனா என் மகள், அப்போது அவளுக்கு ஏழு வயது.

கடைசியில் பயப்படவும் அவசரம் தேவையில்லை என்று ஆயிற்று. இந்த நாட்டில் பைத்தியம் ஆவதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். ஆறேழு மாதம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டபோதும் கமலா என்ற என் பெயரைக் கமேலா என்று கூப்பிட்டார்கள். யாரோ ஒட்டகத்தைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் எழுந்திருக்கவில்லை.

3

இனி திருத்தணிக்குப் போகலாம். நாற்பதுகளின் தொடக்கம், யுத்த காலம்.

மலையடிவாரத்தில் எங்கள் வீடு. நைனாவுக்கு அரக்கோணத்தில் ரயில் இன்ஜின் பழுது பார்க்கிற கொட்டகையில் வேலை. ராணுவ ரயில்கள் ராப்பகலாகப் போய்க்கொண்டிருந்ததால் வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிடுவார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார். நல்லவராக வந்தால் எனக்குப் பொரி உருண்டை இருக்கும். குடித்துவிட்டு வந்தால் அம்மாவுக்கு அடி இருக்கும். ரயில் ஊதும் சத்தம் கேட்டதும் அம்மா தெருக்கதவைப் பார்ப்பாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். இன்று எது என்று அவளுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

ஒவ்வொரு பெரிய அடிக்குப் பிறகும் அம்மா ஒரு துண்டுத் துணியை மஞ்சளில் முக்கி, அதில் ஓரணாவை முடிந்து, மலைப்பக்கம் திரும்பி நிற்பாள். "முருகா, இவரு குடிய உட்டுட்டா எம் பொண்ணு முடி உனக்குதாம்பா."

அது ஏன் உன் முடி இல்லை என்று ஒரு முறை கேட்டேன். அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "கட்டினவன் உயிரோட இருக்கறப்ப நான் மொட்ட அடிச்சிக்கினா இன்னாடி அர்த்தம்? ஊரு இன்னா சொல்லும்?" எங்கள் வீடுகளில் சுமங்கலி தலையை மழிக்கக் கூடாது. மழித்த தலை அறுதலியின் தலை. மூன்று விரல் அளவுக்கு நுனியை மட்டும் வெட்டிப் பூமுடி கொடுக்கலாம், ஆனால் அம்மாவின் கஷ்டத்துக்குப் பூமுடி போதாது. மீதி இருந்தது என் தலை.

நைனா கொஞ்ச நாள் குடிக்காமல் இருப்பார். உடனே அம்மா என்னை மலைக்கு இட்டுக்கொண்டு போவாள். தலையில் தண்ணீர், கத்தி, குளத்து முழுக்கு, சந்தனம். பள்ளிக்கூடத்தில் மொட்டச்சி. தலையில் முடி காதுவரை வருவதற்குள் நைனா மறுபடியும் ஆரம்பித்திருப்பார். மறுபடியும் மஞ்சள் துணி. எத்தனை முறை என்று எனக்குக் கணக்கில்லை. எதிர்வீட்டுக்காரர்கள், "இன்னா பக்தி பாரு இந்தப் பொண்ணுக்கு, கம்முனு உக்காந்துகினு குடுக்குது" என்பார்கள். நான் அழ மாட்டேன். அழுதால் அம்மா அழுவாள்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று சொல்கிறோமே, அதை நான் உண்மையாகவே போட்டேன். முடி வளர்ந்தால் நைனா குடிக்கிறார். ஆகவே நைனா குடிப்பது என் முடியால்தான். இதுதான் நான் கண்டுபிடித்தது. காதோரம் முடி தட்டுப்பட ஆரம்பித்தால் விட மாட்டேன். ஒளிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுவேன்.

பன்னிரண்டு வயதில் ஒரு முறை மட்டும் முடியாது என்றேன். அப்போது நைனா வயிறு வீங்கிப் படுத்திருந்தார். அவர் எழுந்தால் முடி தருகிறேன் என்று இல்லை, முதலிலேயே கொடுத்துவிடுகிறேன், எழுப்பிவிடு என்று இந்த முறை அம்மா வேண்டியிருந்தாள். நான் பெரியவளாகி இரண்டு மாதம். சைக்கிள் கடை பாஷா பாய் வீட்டில் போய் ஒளிந்துகொண்டேன். பாய் சம்சாரம் ஒன்றும் கேட்காமல் எனக்குச் சோறு போட்டு, ஒரு துப்பட்டாவை எடுத்துத் தலையோடு போர்த்திப் படுக்கவைத்தார். அந்த வாரமே நைனா இறந்துபோனார்.

பந்தலில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவில், "அன்னிக்கு நீ குடுத்திருந்தீனா இருந்திருப்பாரேடி" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு என் முடி இடுப்புவரை வளர்ந்தது.

4

பேசிக் குணப்படுத்துகிற அந்தப் பெண்மணியின் பெயரை மிசஸ் பார்லோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயது, கம்பளிச் சட்டை, பூனை மாதிரிப் பொறுமை. ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு கணப்பு, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே இங்கே அழ மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் சில வாரம், சௌக்கியமாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் பேசாமல் இருக்கிற நேரம்தான் எனக்குப் பெரிய கஷ்டம். எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை என்றால் அடுத்து ஏதோ உடையப்போகிறது என்று பொருள். அதனால் நானே வாய் ஓயாமல் எதையாவது பேசி நிரப்புவேன். அப்படி நிரப்புகிற அவசரத்தில்தான் ஒரு நாள் மொட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

மிசஸ் பார்லோ நிமிர்ந்து உட்கார்ந்தார். யுத்தம் முடிந்த வருஷம் அவர் பிரான்ஸில் இருந்தாராம். எதிரிச் சிப்பாய்களோடு பழகிய பெண்களை நடுத்தெருவில் உட்காரவைத்துத் தலையை மழித்ததைப் பார்த்திருக்கிறாராம். உங்களுக்கு என்ன குற்றத்துக்காக மழித்தார்கள் என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது தண்டனை இல்லை, நேர்த்திக்கடன், எங்கள் ஊரில் ராஜாவும் கொடுப்பான் கூலிக்காரனும் கொடுப்பான், சந்தோஷமாகக் கொடுப்பார்கள் என்று படபடவென்று பொரிந்தேன். அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தக் குழந்தை சந்தோஷமாகக் கொடுத்ததா?" என்றார்.

அன்றைக்கு அந்தப் பெட்டியில் பாதி காலியாகிவிட்டது.

அதற்குப் பிறகு வாரா வாரம் போனேன். பயம் வரும்போது அந்தப் பயத்துக்கு எத்தனை வயது என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்டுப் பார்த்தபோது ஏழு வயது, எட்டு வயது என்றுதான் வந்தது. நாற்பது வயதுப் பயம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. வீட்டில் சந்தன சோப்பு ஏன் ஆகாது, முடி வெட்டும் கடை வாசலை ஏன் சுற்றிக்கொண்டு போகிறேன் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மீனாவுக்குத் தலை பின்னிவிட என்னால் முடியாது, கை நடுங்கும். அவள் அப்பாதான் வரைபடம் போடுகிற கவனத்தோடு தினமும் இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார். அதையும் சொன்னேன்.

5

எல்லாம் சரியாகிக்கொண்டு வந்தது என்று நினைத்த நேரத்தில் பனி கொட்டியது.

ஜனவரி மாதம். மதியத்திலிருந்தே பனி. பஸ் நின்றுவிட்டது, ரயில் நின்றுவிட்டது, எங்கள் தெருவில் யார் வீட்டுத் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. ஐந்தரைக்கு வர வேண்டியவர் ஏழாகியும் வரவில்லை. ஏழரை. பயத்துக்கு வயது கேட்டேன். பதில் வரவில்லை. மீனா மாடிப்படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அது எங்கள் வீட்டு வழக்கம். அன்று அவள் ஒரு படி கீழே இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

என் கை தானாகத் தலையணை உறை ஒன்றைக் கிழித்தது. மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்தது. அந்தத் துணியில் ஒரு பத்துப் பென்னி காசை முடிந்தது. எங்கே இருக்கிறது என்றே தெரியாத மலையை நோக்கித் திரும்பி நின்று என் வாய் சொன்னது: "முருகா, அவர் வந்துட்டா என் பொண்ணு முடி உனக்கு."

எட்டு மணிக்கு அவர் வந்தார். ஆறு மைல் நடந்து வந்திருக்கிறார். கோட்டு முழுக்கப் பனி, கையில் ஒரு ரொட்டி. "கடை திறந்திருந்தது, காலைக்கு ரொட்டி இல்லையே என்று வாங்கினேன்" என்றார். மீனா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய இரண்டு பின்னலும் அவர் கோட்டில் பட்டு நனைந்தன. என்னால் அந்தப் பின்னலைப் பார்க்க முடியவில்லை.

இதை மிசஸ் பார்லோவிடம் பல வாரம் மறைத்தேன். சொன்னபோது அவர் திட்டவும் இல்லை, மூடநம்பிக்கை என்று சிரிக்கவும் இல்லை. மீனாவிடம் கேட்டீர்களா என்றார். குழந்தையிடம் போய் என்னத்தைக் கேட்பது என்று சீறினேன். சீறிய பிறகு அது அம்மாவின் குரல் என்று எனக்கே கேட்டது. ஆனாலும் என்ன செய்வது? வேண்டியது வேண்டியதுதானே. கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யார்? கோடையில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மீனாவும் மட்டும்தான்.

6

திருத்தணி வீட்டில் என் பெட்டியைத் திறந்ததும் அம்மா முதலில் பார்த்தது அதில் இருந்த மஞ்சள் முடிச்சைத்தான். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு, பேத்திக்குத் திருஷ்டி கழித்து, எல்லா ஏற்பாட்டையும் அவளே செய்துவிட்டாள். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மீனாவிடம் மட்டும், "இங்கே ஒரு வழக்கம்" என்று ஆரம்பித்து என்னவோ சொல்லி வைத்தேன்.

ஆடிக் கிருத்திகை அன்று மலையில் கூட்டம் நெரிந்தது. பூக்காவடி, பால்காவடி, அரோகரா. மொட்டை அடிக்கிற மண்டபத்தில் மீனாவைப் பலகையில் உட்காரவைத்து அம்மா இரட்டைப் பின்னலை அவிழ்த்தாள். நாவிதர் செம்புத் தண்ணீரை ஊற்றித் தலையைத் தேய்த்தார். கத்தியில் புது பிளேடு மாட்டினார்.

மீனா என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: "பரவாயில்லை அம்மா. நான் அழ மாட்டேன். நான் கொடுத்துவிட்டால் நீ பயப்பட மாட்டாய், இல்லையா?" சொல்லிவிட்டுத் தலையைத் தானாகவே குனிந்து கொடுத்தாள்.

அந்தக் குனிதல் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் குழந்தையிடம் பார்த்தது அதுதான். அதற்கு முப்பது வருஷம் முன்னால் இதே மண்டபத்தில் நான் குனிந்ததும் அதுதான்.

"வேணாங்க. நிறுத்துங்க" என்றேன்.

நாவிதர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது, தலய நனைச்சாச்சே. நனைச்சப்புறம் வேணாம்னா எப்டிங்க?"

"நனைஞ்சது காஞ்சிரும். மீனா, எழுந்து வா."

அம்மா என் கையைப் பிடித்தாள். "ஏய் கமலா, சாமி காரியம். உம் புருசன் அங்க ஒண்டியா இருக்காரு, ஞாபகம் வச்சிக்கோ. அன்னிக்கும் இப்டிதான் நீ..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லும்மா. அன்னிக்கும் இப்படித்தான் நான் நைனாவைக் கொன்னேன், அதானே?"

அம்மா என் கையை விட்டாள். "அய்யய்யோ, நான் எங்கடி அப்டி சொன்னேன்? எப்ப சொன்னேன்?"

"பந்தல்ல. என்னைக் கட்டிக்கினு."

"அழுவுற வாயி என்னென்னவோ சொல்லியிருக்கும். அத்தயா இத்தினி வருசம் வச்சிக்கினு கீற? குடிச்சிக் குடிச்சி ஈரலு வெந்துபோச்சு, சாமி வந்தாலும் பொழைக்க மாட்டாருன்னு அரக்கோணம் டாக்டரு எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாரே." அவள் குரல் உடைந்தது. "அது தெரிஞ்சும்தான் வேண்டிக்கினேன். எங்கிட்ட குடுக்க வேற இன்னா இருந்துச்சுடி? உன் தலதான் இருந்துச்சு."

அரோகரா சத்தத்துக்கு நடுவில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டு அழுதோம். எனக்கு அவள்மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. நாவிதர் ஒரு துண்டை மீனாவிடம் நீட்டி, "தலய தொடைச்சிக்கோ பாப்பா, சளி புடிச்சிக்கும்" என்றார்.

மஞ்சள் முடிச்சை உண்டியலில் போட்டேன். சொன்னது நான், குழந்தை இல்லை, கோபம் இருந்தால் என்னிடம் காட்டு என்று முருகனிடம் சொன்னேன். அவர் அங்கே தனியாக இருக்கிறாரே என்று உள்ளே ஒருத்தி கதறிக்கொண்டுதான் இருந்தாள்.

படியில் இறங்கும் வழியில் ஒரு நிழலில் உட்கார்ந்து மீனாவின் முடியைப் பின்னினேன். ஒரு பின்னல் காதுக்கு மேலே, ஒரு பின்னல் காதுக்குக் கீழே. அப்பா மாதிரி வரவில்லையே என்று மீனா குறைப்பட்டுக்கொண்டாள். வராதுதான் என்றேன்.

7

ஊரிலிருந்து திரும்பி வந்த மாதம் அவருக்குக் காய்ச்சல். நான் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரை சாப்பிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்தில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நான் அந்த உண்டியலைத்தான் நினைத்துக்கொண்டேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்னும் வாரா வாரம் மிசஸ் பார்லோவிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். முறுக்கு மட்டும் எடுத்துப் போவதில்லை.

சென்ற வாரம் மறுபடியும் ஆடிக் கிருத்திகை. ஐந்தரைக்கு வர வேண்டியவர் ஆறே முக்காலாகியும் வரவில்லை. நான் ஜன்னலோரம் போய்விட்டேன். போலீஸ்காரர், தொப்பி, எல்லாம் வந்துவிட்டது. மஞ்சள்தூள் டப்பா அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

கூடத்தில் மீனா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் போய் நின்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மீனா, அப்பா வர நேரமாகுது. எனக்குப் பயமா இருக்கு. இது என்னோட பயம், நான் பார்த்துக்கறேன். நீ டிவி பாரு."

என் முகத்தைப் பார்க்கப் போகிறாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"சரிம்மா" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.